மதாம் த பொம்பதூர் பிரான்ஸை ஆண்டாரா?

கேள்வி இது: "பதினைந்தாம் லூயி காலத்தில் பிரான்ஸை உண்மையில் ஆண்டது அவருடைய ஆசைநாயகி மதாம் த பொம்பதூர்தான், ஏழாண்டுப் போரில் பிரான்ஸ் தோற்றதற்கும் அவர்தான் காரணம் என்கிறார்களே, இது எவ்வளவு தூரம் உண்மை?"

ஆளவில்லை. ஆனால் மன்னரிடம் யார் நெருங்கலாம், எந்தப் பதவிக்கு யார் பெயர் அடிபடும், யார் பெயர் அடிபடாது என்பதில் கிட்டத்தட்ட பத்தொன்பது ஆண்டுகள் அவர் கை ஓங்கியிருந்தது. போர்த் தோல்வியில் அவருக்குப் பங்கு உண்டா என்றால், உண்டு. ஆனால் வழக்கமாக அவர்மேல் சுமத்தும் குற்றம் ஒன்று, அவர் உண்மையில் செய்தது வேறொன்று.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். இயற்பெயர் ஜான் அந்துவானெத் புவாசோன். 1721 டிசம்பர் 29இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பிரபு வம்சம் இல்லை. பாரி சகோதரர்கள் என்ற பெரிய நிதி முதலாளிகளிடம் வேலை பார்த்தவர். தானிய வியாபாரக் கணக்கில் வில்லங்கம் வந்து சில ஆண்டுகள் நாட்டை விட்டே ஓடிப்போனவர். அந்தக் காலத்துப் பிரான்ஸில் உப்பு வரி, சுங்கம் போன்றவற்றை வசூலிக்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டிருந்தது. அப்படி வரிக் குத்தகை எடுத்துக் கொழுத்த பணக்காரர்களில் ஒருவரான லெ நோர்மான் த தூர்னெம்தான் இந்தப் பெண்ணை வளர்த்து, பாட்டு, நடிப்பு, வரைதல் எல்லாம் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பெற்ற அப்பாவே அவர்தான் என்று ஊர் பேசிக்கொண்டது. 1741இல் தன் சகோதரர் மகனுக்கே அவரைக் கட்டிவைத்தார்.

ஒன்பது வயதில் ஒரு குறிக்காரி அவரிடம், நீ ஒரு ராஜாவின் மனதை ஆள்வாய் என்றாளாம். இதைப் பிற்காலத்தில் கட்டிய கதை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அவருடைய கணக்குப் புத்தகத்தில் லெபோன் என்ற பெண்ணுக்கு 600 லிவ்ர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்) உதவித்தொகை கொடுத்த வரி இருக்கிறது. இன்ன வயதில் இன்ன குறி சொன்னதற்காக என்று காரணமும் எழுதியிருக்கிறது.

அவர் கணவருடைய எத்தியோல் மாளிகை, மன்னர் வேட்டைக்கு வரும் செனார் காட்டை ஒட்டி இருந்தது. அங்கேயே மன்னரின் கண்ணில் படும்படி வண்டியில் போய்வந்தார் என்பார்கள். 1744 டிசம்பரில் மன்னரின் முந்தைய ஆசைநாயகி ஷாதோரூ சீமாட்டி இறந்துபோனார். இரண்டு மாதம் கழித்து, 1745 பிப்ரவரி 25 இரவு, பட்டத்து இளவரசரின் கல்யாணத்தை ஒட்டி வெர்சாய் அரண்மனையில் முகமூடி நடனம் நடந்தது. வெட்டிச் சீராக்கிய மரங்களைப் போல் வேடமிட்டு எட்டுப் பேர் ஒன்றாக உள்ளே வந்தார்கள். அதில் ஒரு மரம் மன்னர். எது மன்னர் என்று தெரியாமல் சீமாட்டிகள் தவறான மரங்களைச் சுற்றி வந்துகொண்டிருந்த இரவு அது. மன்னர் இந்தப் பெண்ணை நெருங்கியது அங்கேதான் என்பார்கள். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கணவரிடமிருந்து சட்டப்படி பிரிவு, பொம்பதூர் என்ற ஊரின் பெயரில் ஒரு பட்டம், செப்டம்பரில் அரசவையில் முறைப்படி அறிமுகம்.

அந்த அறிமுகம்தான் ஊரை உலுக்கியது. மன்னர் ஆசைநாயகி வைத்துக்கொள்வது பிரான்ஸில் புதிதல்ல, அது கிட்டத்தட்ட ஒரு பதவி. ஆனால் அந்தப் பதவி பிரபு குடும்பத்துப் பெண்ணுக்குத்தான் போகும் என்பது எழுதாத விதி. வரிக் குத்தகைக்காரர் வீட்டுப் பெண் அங்கே வந்து நின்றது அவர்களுக்கு வயிற்றெரிச்சல். ராணி மரி லெஷ்சின்ஸ்கா என்ன சொல்வாரோ என்று அவையே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. உடையைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு ராணி நகர்ந்துவிடுவார் என்று நினைத்தார்கள். பிடிக்காதவர்களை அப்படித்தான் அனுப்புவார். ராணியோ இருவருக்கும் தெரிந்த ஒரு சீமாட்டியின் நலம் விசாரித்தார். பொம்பதூர் தடுமாறிப்போய், உங்கள் மனம் நோகாமல் நடப்பதே என் ஆசை என்றார். கடைசி வரை அப்படியே நடந்தும் கொண்டார். முந்தைய ஆசைநாயகிகள் ராணியிடம் நடந்துகொண்ட விதத்தோடு பார்த்தால் இது பெரிய மாற்றம்.

சரி, அதிகாரம் எப்படி வந்தது? பலரும் இங்கேதான் வழி தவறுகிறார்கள். படுக்கையறையால் வந்தது என்று நினைக்கிறார்கள். 1750 வாக்கில் அந்த உறவே முடிந்துவிட்டது. அவருக்கு உடல்நலம் சரியில்லை, கருச்சிதைவுகள் வேறு. மேல்மாடியில் மன்னரின் அறைகளுக்கு மேலே இருந்த அறைகளை விட்டுக் கீழ்த்தளத்துக்குக் குடிபெயர்ந்தார். நட்பைச் சித்தரிக்கும் சிலை ஒன்றைப் பிகால் என்ற சிற்பியிடம் செய்யச் சொல்லித் தன் தோட்டத்தில் வைத்தார். இனிமேல் என்ன உறவு என்று ஊருக்கு அறிவித்தது போல. மன்னரோ வெர்சாய் ஊருக்குள் தனியாக ஒரு வீட்டில் இளம்பெண்களை வைத்துக்கொண்டார். இத்தனைக்கும் அப்புறம்தான் பொம்பதூருக்குச் சீமாட்டிகளில் உயர்ந்த தூஷேஸ் தகுதி கிடைத்தது (1752), ராணியின் பரிவாரத்தில் இடமும் கிடைத்தது (1756). அவருடைய உச்சகாலம் உறவு முடிந்த பிறகுதான் தொடங்குகிறது.

காரணம் மன்னரின் சுபாவம். லூயி இரண்டு வயதில் பெற்றோரை இழந்தவர், ஐந்து வயதில் அரியணை ஏறியவர். புதிய முகம் என்றால் கூச்சம். யாரிடமும் நேருக்கு நேர் முடியாது என்று சொல்ல வராது. சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, மறுநாள் பதவி நீக்கக் கடிதத்தை அனுப்பி வைப்பார். அவரை வளர்த்து, நாட்டையும் நடத்திவந்த கார்டினல் ஃப்ளூரி 1743இல் இறந்தபோது, இனி முதலமைச்சர் கிடையாது, நானே ஆள்வேன் என்று அறிவித்தார். ஆனால் ஆளவில்லை. படைக்கு ஒருவர், கடற்படைக்கு ஒருவர், நிதிக்கு ஒருவர், வெளியுறவுக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள், சேர்த்துக் கட்ட ஆளில்லை. அந்தக் காலி இடத்தில்தான் பொம்பதூர் உட்கார்ந்தார். நம் ஊரில் அமைச்சரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பி.ஏ.வைப் பிடி என்பார்களே, அந்த இடம். காலையில் அவர் அலங்காரம் செய்துகொள்ளும் நேரத்தில் தூதர்களும் தளபதிகளும் மனு கொடுப்பவர்களும் வந்து நிற்பார்கள். நிற்பார்கள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலி, அதில் அவர்.

அவரை எதிர்த்தவர்களுக்கு என்ன ஆகும் என்பதை 1749இல் ஊர் பார்த்தது. கடற்படை அமைச்சர் மொர்பா கால் நூற்றாண்டாகப் பதவியில் இருந்தவர், நக்கல் பேர்வழி. பொம்பதூரின் உடற்கோளாறைக் கேலி செய்யும் ஆபாச நாலடி ஒன்று அரண்மனையில் சுற்றியது. எழுதியது இவர்தான் என்று பேச்சு. ஏப்ரலில் ஆளை நாடு கடத்தாத குறையாக ஊரை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

இப்போது போர். 1756 முதல் 1763 வரை பிரான்ஸும் ஆஸ்திரியாவும் ஒரு பக்கம், இங்கிலாந்தும் பிரஷ்யாவும் மறுபக்கம் நின்று மோதிய போர் இது. அவர்மேல் வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு, காலங்காலமாகப் பகையாளியாக இருந்த ஆஸ்திரியாவோடு பிரான்ஸைச் சேர்த்துவைத்தார் என்பது. பிரஷ்ய மன்னர் பிரெடரிக் அவருக்குப் "பாவாடை" என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார், அவர் பதிலுக்குப் பழிவாங்கினார் என்று கதை சொல்வார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது.

நடந்தது வேறு. ஆஸ்திரியாவின் அமைச்சர் கவுனிட்ஸ் பல ஆண்டுகளாகப் பிரான்ஸைத் தன் பக்கம் இழுக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். பிரெடரிக்கிடம் இழந்த சிலேசியா மாகாணத்தை மீட்க அவர்களுக்கு வேறு வழியில்லை. 1755இல் அவருடைய தூதர் ஸ்டார்ஹெம்பெர்க், மன்னரிடம் அமைச்சர்களுக்குத் தெரியாமல் விஷயத்தைச் சேர்க்க ஓர் ஆள் தேடி, பொம்பதூரைத் தேர்ந்தெடுத்தார். செப்டம்பரில் பெல்வ்யூ மாளிகையை ஒட்டிய சிறு வீட்டில், பொம்பதூரின் ஆளான பெர்னீஸுடன் முதல் பேச்சுவார்த்தை நடந்தது. அதற்கு மேல் லூயி பல மாதம் அசையவில்லை. 1756 ஜனவரியில் பிரெடரிக், பிரான்ஸின் கூட்டாளியாக இருந்துகொண்டே, பிரான்ஸின் எதிரியான இங்கிலாந்தோடு ஒப்பந்தம் போட்டார். அதன் பிறகுதான் மே 1இல் வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது. வாசலைத் திறந்துவிட்டவர் பொம்பதூர். பிரான்ஸை உள்ளே தள்ளியவர் பிரெடரிக். 1759இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா பொம்பதூருக்கு விலையுயர்ந்த எழுதுமேசை ஒன்றைப் பரிசாக அனுப்பியது உண்மை. அந்தப் பெண்ணுக்கு நான் ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை என்று அதே பேரரசி பிற்காலத்தில் சொன்னதும் உண்மை.

அவர் ஆளவில்லை என்பதற்கு இன்னொரு வலுவான சாட்சி உண்டு. லூயி தன் வெளியுறவு அமைச்சருக்கே தெரியாமல் ரகசியத் தூதர் கூட்டம் ஒன்றை வைத்து, போலந்தைப் பற்றித் தனிக் கொள்கை நடத்திக்கொண்டிருந்தார். "மன்னரின் ரகசியம்" என்று வரலாற்றில் அதற்குப் பெயர். அதைப் பொம்பதூரிடமிருந்தும் மறைத்தார். நாட்டையே ஆள்பவரிடம் ஒரு மன்னர் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது?

அப்படியானால் அவருடைய உண்மையான குற்றம் எது? என் கணிப்பில் 1757 பிப்ரவரி 1.

கதை அதற்கு முந்தைய மாதம் தொடங்குகிறது. ஜனவரி 5 மாலை, வெர்சாயில் மன்னர் வண்டி ஏறப் போகும்போது தாமியான் என்ற வேலைக்காரன் சின்னக் கத்தியால் விலாவில் குத்திவிட்டான். குளிருக்காகப் போட்டிருந்த கனத்த உடைகளால் காயம் ஆழமில்லை. ஆனால் மன்னர் சாகப்போகிறோம் என்றே நம்பிவிட்டார். பாதிரியாரைக் கூப்பிட்டுப் பாவமன்னிப்புக் கேட்டார், ராணியிடமும் கேட்டார். ஆசைநாயகியை மட்டும் கூப்பிடவில்லை. 1744இல் மெட்ஸ் நகரில் மன்னர் சாகக் கிடந்தபோது ஷாதோரூ சீமாட்டியை விரட்டிய பிறகுதான் ஆயர் பாவமன்னிப்புக் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. இந்த முறையும் அதே கதைதான் என்று அவை முடிவு செய்துவிட்டது.

அந்த நாட்களைப் பொம்பதூரின் பணிப்பெண் மதாம் து ஒஸ்ஸே எழுதி வைத்திருக்கிறார். பொம்பதூர் அழுகிறார், மயங்குகிறார், எழுந்து மறுபடி அழுகிறார். ஆறுதல் சொல்வதுபோல் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போகும் கூட்டம் ஓயவில்லை. மருத்துவர் கெனே மாடிக்கும் கீழுக்குமாய் நடந்து செய்தி கொண்டுவருகிறார். அப்போது கடற்படை அமைச்சர் மஷோ வருகிறார். பொம்பதூரின் தயவில் வளர்ந்தவர். கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு, விறைப்பாகப் போய்விடுகிறார். நான் போய்விட வேண்டும் என்கிறார் மஷோ என்று சொல்லி, பொம்பதூர் பெட்டிகளைக் கட்டச் சொல்கிறார். வேலைக்காரர்கள் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த நேரம் தோழி மிர்ப்புவா சீமாட்டி உள்ளே வந்து, இதென்ன பெட்டிகள் என்று கேட்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே வரி சொல்கிறார்: "ஆட்டத்தை விட்டு எழுந்தவருக்குத்தான் தோல்வி." போகப்போவதுபோல் வெளியே காட்டிக்கொள்ளுங்கள், ஆனால் இருங்கள் என்கிறார். பொம்பதூர் இருந்தார். காயம் ஆறியது, மன்னர் ஒருநாள் கீழே வந்தார், எல்லாம் பழையபடி ஆயிற்று.

பிப்ரவரி 1இல் மஷோ பதவி நீக்கம். அதே நாளில் பொம்பதூரின் பழைய எதிரி, போர் அமைச்சர் தார்ஜான்சோனும் பதவி நீக்கம். ஐரோப்பாவிலும் கடலிலும் ஒரே நேரத்தில் போர் நடந்துகொண்டிருக்கும்போது, கடற்படைக்கும் தரைப்படைக்கும் தலைமை தாங்கிய அனுபவசாலிகள் இருவரும் ஒரே காலையில் வீட்டுக்குப் போனார்கள். இதில் மன்னரின் சொந்தக் கணக்கும் இருந்தது. தன்னோடு மோதிக்கொண்டிருந்த உயர்நீதிமன்றங்களைச் சமாதானப்படுத்த மஷோவைப் பலிகொடுப்பது அவருக்கு வசதி. ஆனாலும் பொம்பதூர் விரும்பாமல் இது நடந்திருக்காது.

அப்புறம் வந்தவர்களைப் பாருங்கள். கடற்படைக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் மூன்று அமைச்சர்கள். மூன்றாமவர் பெர்ரியே. பாரிஸ் காவல்துறைத் தலைவராக இருந்து, ஊர் வம்பையும் ஒற்றர் அறிக்கைகளையும் பொம்பதூரிடம் கொண்டுவந்து கொடுத்தவர். காவலராக அவர் கெட்டிக்காரர்தான். கப்பலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? கனடாவில் பிரெஞ்சுப் படை தத்தளித்தபோது, உதவி கேட்டுக் கடல் தாண்டி வந்த அதிகாரி பூகென்வீலிடம், வீடே பற்றி எரியும்போது குதிரைக் கொட்டிலைப் பற்றி யார் கவலைப்படுவார்கள் என்றாராம் பெர்ரியே. நல்ல வேளை ஐயா, நீங்கள் குதிரை மாதிரிப் பேசுகிறீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது என்றாராம் பூகென்வீல். 1759இல் கெபெக் போயிற்று. அதே ஆண்டு போர்ச்சுகல் கரையோரம் லாகோஸிலும், பிரான்ஸின் கிபெரோன் விரிகுடாவிலும் பிரெஞ்சுக் கடற்படையை ஆங்கிலேயர் நொறுக்கினார்கள். கடல் கைவிட்டுப் போனதன் விலையைப் புதுச்சேரியும் கொடுத்தது. முற்றுகையில் பட்டினி கிடந்த ஊர் 1761 ஜனவரியில் சரணடைந்தது. ஆங்கிலேயர் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதைக் காக்க அனுப்பப்பட்ட தளபதி லல்லியை 1766இல் பாரிஸில் தலை வெட்டினார்கள்.

தரையிலும் அதே நோய்தான். சூபீஸ் மன்னரின் நண்பர், பொம்பதூரின் நண்பர், நல்ல மனிதர். அவரிடம் ஒரு படையைக் கொடுத்தார்கள். 1757 நவம்பர் 5இல் ரோஸ்பாக் களத்தில், ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்களை வைத்திருந்த பிரெஞ்சு, ஜெர்மன் கூட்டுப்படையைப் பிரெடரிக் இரண்டு மணி நேரத்துக்குள் சிதறடித்தார். பிரஷ்யர் தரப்பில் இழப்பு சில நூறு, இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில். மறு ஆண்டே சூபீஸுக்கு மார்ஷல் பட்டம். வேண்டியவர்களைக் கைவிடாதது நட்பில் நல்ல குணம்தான். பதவிப் பட்டியலில் அது வேறு மாதிரி வேலை செய்தது.

ஆள் தேர்வு என்றைக்கும் அவருக்குக் கைவராது என்றும் சொல்ல முடியாது. போரை நிறுத்தச் சொல்லிப் புலம்பத் தொடங்கிய வெளியுறவு அமைச்சர் பெர்னீஸுக்குப் பதிலாக 1758 கடைசியில் ஷுவாசெலைக் கொண்டுவந்தார். அந்த ஆட்சியில் கிடைத்த திறமையான அமைச்சர் அவர்தான். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் கனடா போயிற்று, ஆனால் சர்க்கரைத் தீவுகளையும் இடிந்த புதுச்சேரியையும் திரும்ப வாங்கியது ஷுவாசெலின் சாமர்த்தியம்.

கலை, அறிவு விஷயத்தில் அவர் செய்ததை எல்லோரும் பாடுகிறார்கள், நான் நீட்டவில்லை. வன்சென்னில் இருந்த பீங்கான் ஆலை 1756இல் செவ்ருக்கு மாறியதில் அவர் பங்கு பெரிது. ஆண்டுக் கடைசியில் வெர்சாய் அரண்மனையிலேயே கடை போட்டுப் பிரபுக்களின் தலையில் கட்டினார்கள். தம்பியை அரசுக் கட்டடத் துறைக்குத் தலைவராக்கினார். சொந்தக்காரர் நியமனம்தான், ஆனால் மனிதர் இருபது ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை பார்த்தார். ஏழைப் பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கான ராணுவப் பள்ளி பாதியில் நின்றபோது, தன் ஓராண்டு வருமானத்தை எடுத்துக் கூலி கொடுங்கள் என்று எழுதினார். நெப்போலியன் பின்னாளில் படித்தது அங்கேதான். லா தூர் 1755இல் முடித்த ஓவியத்தில் அவர் பக்கத்து மேசையில் திதரோ தொகுத்த கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதி தெரியும். திருச்சபை வெறுத்த புத்தகம் அது. அதற்காக அவர்தான் அதைக் காப்பாற்றினார் என்று சொல்லிவிட வேண்டாம். 1759இல் அதன் உரிமத்தை ரத்து செய்தபோது அவரால் தடுக்க முடியவில்லை. திரைமறைவில் காத்தது தணிக்கைத் துறைத் தலைவர் மால்ஷெர்பே.

முடியாட்சிக்கு நேர்ந்த பெரிய சேதம் பலர் கவனிக்காத இடத்தில் இருக்கிறது. பிரெஞ்சு மன்னர் வெறும் ஆட்சியாளர் இல்லை; பெருநாளில் நற்கருணை வாங்கிய பின் அவர் தொட்டால் கழுத்தில் கட்டிகள் வரும் கண்டமாலை நோய் தீரும் என்பது மக்கள் நம்பிக்கை. ஆசைநாயகியோடு வாழ்பவருக்குப் பாவமன்னிப்பு இல்லை, பாவமன்னிப்பு இல்லாமல் நற்கருணை இல்லை. லூயி 1739லிருந்தே அந்தச் சடங்கை விட்டுவிட்டார், பொம்பதூர் வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே. ஆனால் பழியைச் சுமக்க ஆள் வேண்டுமே. உறவு முடிந்த பிறகு பொம்பதூரே பாவமன்னிப்புக்கு முயன்றார். கணவரிடம் திரும்பிப் போனால்தான் என்றார் ஏசு சபைப் பாதிரியார். சரி என்று கணவருக்குக் கடிதம் எழுதினார். மன்னித்துவிட்டேன், ஆனால் வர வேண்டாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. இதில் அவருடைய பக்தி எவ்வளவு, சாமர்த்தியம் எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியவில்லை.

செலவு பற்றியும் கேட்பார்கள். பத்தொன்பது ஆண்டில் அவருக்கென்று ஆன செலவு சுமார் 3.6 கோடி லிவ்ர் என்று ஒரு கணக்கு உண்டு. பெரிய தொகைதான். ஏழாண்டுப் போருக்கு பிரான்ஸ் செலவழித்தது நூறு கோடி லிவ்ருக்கும் மேல். கஜானா எங்கே காலியானது என்று தெரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களும் போதும். ஆனால் தெருப்பாட்டு எழுதுபவனுக்குப் போர்க்கடனின் வட்டியை வைத்துப் பாட்டுக் கட்ட வராது, மாளிகையை வைத்துக் கட்ட வரும். அந்த மாளிகைகளில் பாரிஸில் இருந்ததை அவர் உயிலில் மன்னருக்கே எழுதி வைத்தார். இன்று பிரெஞ்சு அதிபர் குடியிருக்கும் எலிசே அதுதான்.

அவர் 1764 ஏப்ரல் 15இல், 42 வயதில், வெர்சாயிலேயே இறந்தார். உண்மையில் நாட்டை ஆண்டவர் அவர்தான் என்றால் அதற்குப் பிறகு ஏதாவது மாறியிருக்க வேண்டும். ஷுவாசெல் இன்னும் ஆறரை ஆண்டு பதவியில் இருந்தார். ஆஸ்திரியக் கூட்டு நிலைத்து, 1770இல் மரியா தெரேசாவின் மகள் மரி அந்துவானெத் பிரான்ஸுக்கு மருமகளாக வந்தார். அதற்குள் மன்னருக்கு மதாம் து பாரி என்ற புதிய ஆசைநாயகி. ஷுவாசெலுக்கும் அவருக்கும் ஆகாது. 1770 டிசம்பரில் ஷுவாசெல் பதவி இழந்தபோது, து பாரிதான் தூக்கினார் என்று ஊர் ஒரே குரலில் சொன்னது. ஃபாக்லாந்து தீவுகள் தகராறில் ஸ்பெயினோடு சேர்ந்து இங்கிலாந்தை மறுபடி போருக்கு இழுக்க ஷுவாசெல் பார்த்ததும், இன்னொரு போருக்குக் கையில் காசில்லை என்று மன்னர் மறுத்ததும் அந்தப் பேச்சில் எங்கேயும் இல்லை.